பின்சீற்றில் மாமி

அத்தியாயம் பதினான்கு

விடியப்புறம் நான்கு மணிக்குத் தொடங்கிய மழை ஏழு மணியாகியும் விடவில்லை.

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு இன்று லோஞ்சுப் படகு ஓடாது என்று இறங்குதுறையில் சொல்லிவிட்டார்கள். ஆறரை மணி பஸ் கட்டைபறிச்சான் சந்திக்கு வரவேயில்லை. இரண்டு ஓட்டோக்காரர்களுக்குப் போன் எடுத்துப் பார்த்தாயிற்று. உப்பாற்றில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் போகிறது, ஏலாது என்று இருவரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

ஒன்பதரைக்குத் திருகோணமலை நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிடியாணை.

மிஞ்சியது கீர்த்தனியின் ஸ்கூட்டி ஒன்றுதான். அவளை வழக்குக்கு இழுத்துவிட்ட அதே ஸ்கூட்டி.

"நான் தனியப் போறன் மாமி. இந்த மழைக்குள்ள நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க?"

மாமியார் கனகம்மா ஏற்கெனவே சேலை உடுத்து, கைப்பையைச் சொப்பிங் பையில் சுற்றி, வாசலில் வந்து நின்றாள்.

"உன்னைத் தனிய விடுறதுக்கோ நான் விடிய எழும்பினனான்?"

கீர்த்தனி ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் அவள் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முந்திய அந்தப் பின்னேரம் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு மறந்திருக்காது. நகரத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள். குடித்திருந்த கணவன் இராகுலன், நான்தான் ஸ்கூட்டியை ஓடுவேன் என்று சாவியைப் பறித்துக்கொண்டான். கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட, தூறலில், சைக்கிளில் வந்த சரீப் என்ற விவசாயியை மோதினான். சரீபின் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். பொலிஸ் வருவதற்குள் இராகுலன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எனக்கு மறியல்தான், உள்ள போட்டிடுவினம், டிரைவர் வேலையும் போயிடும். உனக்கெண்டா ஒரு அபராதத்தோட முடியும். நீ ஓடினதெண்டு சொல்லு." அவள் தலையாட்டினாள்.

ஆகவே பொலிஸ் புத்தகத்தில் வண்டி ஓடியவள் கீர்த்தனி. ஓடியவன் யார் என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருத்தி இப்போது ஹெல்மட்டுக்குள் கொண்டையை அடைக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

இராகுலன் குடையோடு வந்து ஸ்கூட்டிச் சீற்றைத் தன் சாரத்துத் தலைப்பால் துடைத்துவிட்டான். அவன் நீதிமன்றத்துக்கு வரவில்லை. சரீப் வந்திருந்து முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதனால்தான் காவலுக்குத் தாயை அனுப்பினான்.

"கீர்த்தி, ரெண்டே ரெண்டு சொல்லு. 'நான் குற்றவாளி.' அவ்வளவுதான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்திடலாம்."

"யதுர்ஷாவுக்கு மற்றப் பக்கம் ரிபன் கட்டேல்ல. கட்டி ஸ்கூலில விடுங்கோ," என்றாள் அவள்.

அவர்களுடைய எட்டு வயது மகள் ஒற்றை ரிபனோடு கதவடியில் நின்று கையாட்டினாள். கீர்த்தனி எஞ்சினைக் கிளப்பினாள்.

*

கனகம்மா ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குழியிலும் வண்டி இடப்பக்கம் சரிந்தது. காற்று வேறு அதே பக்கத்துக்குத் தள்ளியது.

"மாமி, ரெண்டு பக்கமும் கால் போட்டு இருங்கோ. பாரம் ஒரு பக்கமா இழுக்குது."

"நான் என்ன பெடியனோ?"

"ரோட்டெல்லாம் வழுக்குது."

"உனக்கு ஓடத் தெரியாட்டி அதுக்கு நானோ பொறுப்பு?"

கீர்த்தனி குடும்பநல மாது. ஊரில் மிட்வைஃப் மிஸ் என்பார்கள். பதினோரு வருடமாக இதே ரோட்டுகளிலும் இவற்றைவிட மோசமான வயல்வரம்புகளிலும், மாரியிலும் கோடையிலும், பிள்ளைத்தாய்ச்சிகளைத் தேடிப் போய் வருகிறவள். மழைக்குள் முன் பிறேக்கைத் தொடக்கூடாது, வெள்ளைக் கோட்டின் மேல் சில்லை ஏற்றக்கூடாது, மாட்டுச் சாணம் கிடக்கும் வளைவில் வேகத்தை முறுக்கக்கூடாது என்பதெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. விழுந்து எழும்பிப் பழகியவை. ஆனால் மூன்று மாதமாக ஊர் அவளைப் பற்றிச் சொல்வது வேறு. பொம்பிளைக்கு வண்டி குடுத்தால் இப்படித்தான் என்று சந்தையில் முதலில் சொன்னவள் கனகம்மாவேதான்.

கங்கைப் பாலத்தைக் கடக்கும்போது மழை முகத்தில் கல்லெறிவது போல் அடித்தது. ஹெல்மட் கண்ணாடியைத் தூக்கினால் கண் எரிந்தது. இறக்கினால் ஒன்றும் தெரியவில்லை. தூக்கிக்கொண்டே ஓடினாள்.

உப்பாற்றில் பத்துப் பன்னிரண்டு பேர் ரோட்டோரம் நின்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு யார் தூரத்துக்கு ரோட்டைக் காணவில்லை. பழுப்புத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

"மிஸ், போகாதேங்கோ," என்றார் சைக்கிளோடு நின்ற ஒருவர்.

"போகத்தான் வேணும். கோட்டில வழக்கு."

"ஓம், போகத்தான் வேணும்," என்று பின்னாலிருந்து கனகம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "இவ ஓடி ஒரு மனிசன்ட கால் போனது உங்களுக்குத் தெரியாதோ? அந்த வழக்குத்தான்."

நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போகாதே என்று சொன்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கீர்த்தனி வண்டியை நிறுத்திவிட்டு ஒரு லொறி வரும்வரை காத்து நின்றாள். லொறி தண்ணீருக்குள் இறங்கியது. அதன் சில்லு எவ்வளவு அமிழ்கிறது, எந்தப் பக்கம் குறைவாக அமிழ்கிறது என்று கண்ணால் அளந்தாள். நடு ரோட்டில் அரைச் சில்லுக்குக் கீழே. போகலாம்.

"மாமி, இப்ப ரெண்டு பக்கமும் கால் போட்டு இருக்க வேணும். இல்லாட்டி இறங்கி இங்கயே நில்லுங்கோ. நான் போறன்."

"என்னை விட்டிட்டுப் போகப் பாக்கிறியோ?"

"ஓம்."

கனகம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, காலைச் சுற்றிப் போட்டு ஏறினாள். அந்த அவமானத்துக்கும் சேர்த்து வீட்டில் தான்தான் வாங்கிக் கட்ட வேண்டிவரும் என்று கீர்த்தனிக்குத் தெரிந்தது.

தண்ணீருக்குள் இறங்கியதும் முறுக்கிய கையை அவள் தளர்த்தவேயில்லை. தளர்த்தினால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறும். ஏறினால் எஞ்சின் நிற்கும். நின்றால் இரண்டு பேரும் கடலுக்குத்தான். வண்டி பக்கவாட்டில் மெல்ல இழுபட்டது. இழுப்புக்கு எதிராக ஹாண்டிலைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டாள். கனகம்மாவின் இரண்டு கைகளும் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்தன. "வெருகல் முருகா, வெருகல் முருகா" என்று காதுக்குப் பின்னால் முணுமுணுப்புக் கேட்டது.

மறுகரையில் ரோடு தெரிந்தது. சில்லு தாரில் பட்டது. இடுப்பிலிருந்த கைகள் உடனே எடுபட்டன.

பிறகு கனகம்மா சொன்னாள்: "இப்பிடி நிதானமா அண்டைக்கும் ஓடியிருந்தா அந்த மனிசன்ட கால் போயிராது."

கீர்த்தனிக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது.

"அண்டைக்கு நான் ஓடேல்ல மாமி."

"வாயைப் பொத்து. ரோட்டில வைச்சு என்ன கதை கதைக்கிறாய்?"

"இங்க கேக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?"

"நீதான் ஓடினனீ. நீதான் ஓடினதெண்டு உன்ட வாயாலதானே சொன்னனீ," என்றாள் கனகம்மா. அவள் குரலில் பொய் சொல்லும் தடுமாற்றமே இல்லை. ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அவள் தானே நம்பத் தொடங்கிவிட்டாள்.

*

கிண்ணியாவுக்குள் வந்தபோது மழை ரோட்டையே மறைத்துவிட்டது. பாலத்துக்கு முன்னால், பூட்டியிருந்த ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்துக்குக் கீழ் கீர்த்தனி வண்டியை ஏற்றினாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு பெண் நின்றாள். கறுப்பு அபாயா முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒரு கடித உறையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கீர்த்தனி ஹெல்மட்டைக் கழற்றியதும் அவள் உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானே மூதூர் மிட்வைஃப்?"

"ஓம்."

"நான் பஹ்மியா. சரீப் எண்டவர் என்ட வாப்பா."

தகரத்தில் மழை இரைந்தது. 

"கோட்டுக்குத்தான் நானும் போறன். ஒரு ஓட்டோவும் இல்ல. வாப்பாட மருத்துவ அறிக்கைய இண்டைக்குக் குடுக்கோணும்," என்றாள் பஹ்மியா. "வாப்பா வரேல்ல. எழும்பி நிக்க ஏலாது. வயலுக்குப் போற மனிசன் கட்டில்ல கிடந்து கூரையப் பாக்கிறார்."

"எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டாள் கீர்த்தனி. கேட்டபின் அது எவ்வளவு வெட்கங்கெட்ட கேள்வி என்று தோன்றியது.

"இல்லாத கால் நோகுதெண்டு அழுறார். அப்பிடி இருக்கிறார்."

கனகம்மா இடையில் புகுந்தாள். "உங்கட வாப்பாவும் லைட் இல்லாத சைக்கிள்லதானே வந்தவர்? பிழை ஒரு பக்கம் மட்டும் எண்டு கதைக்காதேங்கோ."

பஹ்மியா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் கீர்த்தனியிலேயே இருந்தது.

"நான் உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். பொலிஸில நீங்கதான் ஓடினதெண்டு எழுதியிருக்கு. வாப்பா அப்பிடிச் சொல்லல்ல. விழுந்து கிடக்கக்க அவருக்கு நினைவு இருந்ததாம். முன்னுக்கு இருந்து இறங்கினது ஆம்பிள எண்டுறார். அந்த ஆள் கிட்ட வந்து குனிஞ்சு பாத்திட்டு, 'செத்திட்டான், ஏறு, போவம்' எண்டு சொன்னதாம். ஒரு பொம்பிளதான் ஏலாதெண்டு நிண்டு, சால்வையால கால இறுக்கிக் கட்டினதாம். அவ நிக்காட்டி வாப்பா அந்த இடத்திலயே மௌத்தாகியிருப்பார்."

அது கீர்த்தனிக்குப் புதிய செய்தியல்ல. அந்த வார்த்தைகள் அவளுக்கு இரவில் தினமும் கேட்பவை. ஆனால் கனகம்மாவிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. செத்திட்டான், ஏறு, போவம். தன் மகன் ஒரு மனிதனை ரோட்டில் போட்டுவிட்டு ஓடப் பார்த்தான் என்பதை அவள் இப்போதுதான் கேட்கிறாள். அவள் முகம் ஒருகணம் வெளிறியது.

அந்த ஒரு கணம்தான்.

"தலையில அடிபட்ட மனிசன் என்னத்தையும் சொல்லும்," என்றாள் கனகம்மா. "இவள்தான் ஓடினவள். அவளிட்டயே கேளுங்கோ."

"உங்களிட்ட நான் கேக்கல்ல," என்றாள் பஹ்மியா. "மிஸ், நீங்க சொல்லுங்க. ஆர் ஓடினது?"

கீர்த்தனி ஹெல்மட்டைத் தலையில் போட்டாள். தாடைக்குக் கீழ் கொழுவியை மாட்டினாள்.

"மழை குறைஞ்சிட்டுது மாமி. ஏறுங்கோ."

மழை குறையவில்லை.

"அல்லாஹ் பாத்துக்கொண்டிருக்கிறான்," என்று பின்னால் பஹ்மியா சொன்னது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

*

பாலத்தின் நடுவில் காற்று வண்டியைத் தூக்கிப்போடப் பார்த்தது. இரண்டு பக்கமும் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. கனகம்மா காதுக்குள் வந்து கத்தினாள்.

"அவளுக்கு ஏன் நீ பதில் சொல்லேல்ல? அங்கயே நான்தான் எண்டு சொல்லியிருக்க வேணும். கோட்டில போயும் இப்பிடி முழுசிக்கொண்டு நிக்காத. குற்றவாளி எண்டு சொல்லிட்டு வா. வேலை போனாப் போகட்டும். வீட்டில இருந்து பிள்ளையைப் பார்."

கீர்த்தனி வேகத்தைக் குறைத்தாள்.

"என்ட வேலை ஏன் போகவேணும்?"

கனகம்மா ஹெல்மட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"அபராதத்தோட முடியுமெண்டுதானே சொன்னவர்? ஏன் மாமி வேலை போகும்?"

"ஓடு. காத்தடிக்குது."

கீர்த்தனி பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். பின்னால் வந்த ஒரு வேன் ஹோன் அடித்துத் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது.

"சொல்லுங்கோ. சொல்லுமட்டும் நான் இதில இருந்து எடுக்க மாட்டன்."

"விசரோ உனக்கு? பாலத்தில வைச்சு..."

"சொல்லுங்கோ."

கனகம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். "லோயர் அவனிட்டச் சொன்னவராம். குற்றத்தை ஒப்புக்கொண்டா லைசன்ஸை நிப்பாட்டுவினம். உன்ட சுகாதாரக் கந்தோருக்கும் கடிதம் போகும். வெளியால சுத்திற வேலை, லைசன்ஸ் இல்லாட்டி வைச்சிருக்க மாட்டினம் எண்டு."

"எப்ப சொன்னவர்?"

"ரெண்டு கிழமை இருக்கும்."

"அவர் என்ன சொன்னவர்?"

"ஆர்?"

"உங்கட மகன்."

கனகம்மா இப்போது மறைக்கவும் கவலைப்படவில்லை. அவளுடைய கோபம் அவளை விட வேகமாக ஓடியது. "நல்லதாப் போச்செண்டு சொன்னவன். ராவும் பகலும் ஊர் சுத்திற வேலை ஒரு பொம்பிளைக்கு எதுக்கு எண்டு சொன்னவன். நானும் அதைத்தான் சொல்றன். என்ட பிள்ளையை அஞ்சு வயசில இருந்து தனிய நிண்டு வளத்தனான். அவன் மறியலுக்குப் போறதை நான் பாத்துக்கொண்டிருக்க மாட்டன். நீ போனா என்ன, நீ வந்தவள்தானே."

நீ வந்தவள்தானே.

பத்து வருடத்தில் கேட்ட வசைகள் எத்தனையோ. சமையலைப் பற்றி, சீதனக் காணியைப் பற்றி, ஒரே பிள்ளையோடு நிறுத்தியதைப் பற்றி. அவையெல்லாம் கோபத்தில் சொன்னவை. இது கணக்காக யோசித்து முடித்துவிட்ட ஒன்று. கீர்த்தனி அழவில்லை. இரண்டு கிழமை. இந்தப் பதினான்கு நாளும் அவர் அவள் பக்கத்தில் படுத்து எழும்பினார், தேத்தண்ணி வாங்கிக் குடித்தார், இன்று காலை சீற்றைத் துடைத்துவிட்டார்.

அவள் முறுக்கினாள். வண்டி பாய்ந்து எழும்பியது. கனகம்மா ஐயோ என்று அவள் தோளைப் பற்றினாள். வெள்ளைமணல், சீனக்குடா, எதையும் கீர்த்தனி பார்க்கவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தாள். ஒன்பது இருபதுக்கு நீதிமன்ற வாசலில் இறங்கினார்கள்.

*

லோயர் சுகிர்தன் இளம் ஆள். நனைந்த கறுப்புக் கோட்டோடு வராந்தாவில் ஓடி வந்தார்.

"வந்திட்டீங்க, நல்லது. சுருக்கமா முடிப்பம் மிஸ். வாசிப்பினம், கேப்பினம், நீங்க சொல்றீங்க, முடிஞ்சுது."

பத்தரைக்குப் பெயர் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்ற இடத்தில் அவள் உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. குற்றப்பத்திரத்தை வாசித்தார்கள். கவனயீனமாகவும் பொறுப்பற்ற விதத்திலும் வாகனம் செலுத்திப் பாரதூரமான காயம் விளைவித்தமை. மண்டபத்தின் பின்வாங்கில் பஹ்மியா மூச்சுவாங்க வந்து உட்காருவது தெரிந்தது. எப்படி வந்து சேர்ந்தாளோ தெரியாது. அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் கனகம்மா கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"குற்றவாளியா, சுற்றவாளியா?"

குற்றம் செய்யாதவரென்றால் சுற்றவாளி என்று சொல்ல வேண்டும். கீர்த்தனி நீதவானைப் பார்த்தாள்.

"சுற்றவாளி."

சுகிர்தன் விரித்து வைத்திருந்த வழக்குக் கோவையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "கனம் நீதவான் அவர்களே, ஒரு நிமிசம், என்னுடைய கட்சிக்காரர்..."

"அவர் தெளிவாகச் சொன்னார்," என்றார் நீதவான். "சுற்றவாளி என்று பதியுங்கள்."

விசாரணைக்கு ஜனவரியில் ஒரு திகதி குறித்தார்கள். அவ்வளவுதான். நான்கு நிமிடம்கூட எடுக்கவில்லை.

வெளியில் வந்ததும் சுகிர்தன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "என்ன செய்தனீங்க மிஸ்? நாங்க அப்பிடிக் கதைக்கேல்லயே."

"நீங்க ஆருட லோயர்?"

"என்ன கேள்வி இது?"

"என்ட வேலை போகுமெண்டு அவருக்குச் சொன்னனீங்க. எனக்குச் சொன்னனீங்களோ? கூண்டில ஏறினது நான்தானே."

சுகிர்தன் கோவையை மூடி, திறந்து, மறுபடி மூடினார். அடுத்த வழக்குக்காரரைத் தேடிப் போனார்.

வராந்தாவின் மற்றக் கோடியில் கனகம்மா போனைக் காதில் வைத்திருந்தாள். மருமகள் வருவதைக் கண்டும் குரலைக் குறைக்கவில்லை. கேட்கட்டும் என்றே பேசினாள்.

"ஓம், சுற்றவாளியாம். எல்லாருக்கும் முன்னால... நீ யோசிக்காத. இப்பவே ஸ்கூலுக்குப் போய்ப் பிள்ளையை எடு. இலங்கைத்துறைக்குக் கொண்டு போ, அக்கா வீட்டில வைச்சிரு. பிள்ளை இல்லாட்டி இவள் தன்ட வாயால வந்து சொல்லுவாள்."

போனை வைத்துவிட்டு மருமகளை நேரே பார்த்தாள்.

"இப்ப என்ன செய்யப் போறாய்?"

கீர்த்தனி ஹெல்மட்டைப் போட்டாள். படியிறங்கி மழைக்குள் போனாள். ஸ்கூட்டியைத் திருப்பினாள். கனகம்மா படிவரை பின்னால் வந்தாள்.

"என்னை ஏத்தாமப் போறியோ?"

"பஸ் வந்தா வாங்கோ. வராட்டி உங்கட மகனைக் கூப்பிடுங்கோ. ஓடத் தெரிஞ்சவர்தானே."

*

அநுராதபுரச் சந்தி தாண்டியதும் ஒரு மருந்துக்கடை ஓரம் நிறுத்தி யதுர்ஷாவின் வகுப்பாசிரியைக்குப் போன் எடுத்தாள்.

"புவனா ரீச்சர், யதுர்ஷாவை என்னைத் தவிர ஒருத்தரோடயும் அனுப்பாதேங்கோ. அவர் வந்து கேட்டாலும்."

"அப்பாதானே மிஸ். நான் எப்பிடி ஏலாதெண்டு சொல்றது?"

"ஏதாவது சொல்லுங்கோ. நான் வாறன். வெள்ளத்துக்குள்ளால வர வேணும், ரெண்டு மணித்தியாலம் ஆகும்."

மறுமுனையில் ரீச்சர் பெருமூச்சு விட்டாள். "பாக்கிறன்," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை.

இனி ஓட்டம்தான் என்று கீர்த்தனி நினைத்தாள். நேரே வீடு, நேரே ஸ்கூல். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இன்று ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்தால் நாளைக்கு மறுபடி எடுப்பார்கள். அடுத்த வழக்குத் தவணைக்கு முதல் நாளும் எடுப்பார்கள். பொய் தன் பெயரில் இருக்குமட்டும் அந்தப் பிள்ளையை வைத்துத் தன்னை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த விபத்தை எழுதிய பொலிஸ் நிலையம் ரோட்டுக் கரையில்தான் இருந்தது. பலகையைக் கண்டதும் அவள் பின் பிறேக்கை அழுத்தினாள். வண்டி சற்று வழுக்கி நின்றது.

உள்ளே அந்த வழக்கை எழுதிய சார்ஜன்ட் இருந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். நனைந்து நின்றவளை அடையாளம் கண்டு கதிரையைக் காட்டினார்.

"என்ன மிஸ், கோட் முடிஞ்சதா?"

"நான் முந்தித் தந்த வாக்குமூலம் பொய் சேர். மாத்தி எழுத வேணும்."

சார்ஜன்ட் பேனையை எடுக்கவில்லை.

"பொய் வாக்குமூலம் குடுத்ததும் குற்றம். தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கும் வழக்கு வரலாம்."

"வரட்டும் சேர். செய்ததுக்கு வரட்டும்."

அவர் புத்தகத்தை இழுத்து, பக்கத்தைப் புரட்டி, திகதியை எழுதினார். "அண்டைக்கு யார் ஓடினது?"

"என்ட மனிசன். இராகுலன். குடிச்சிருந்தவர்."

சொல்லி முடித்தபோது மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாக்குத் தடுமாறவில்லை. கலியாண வீட்டிலிருந்து சால்வை கட்டியதுவரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். செத்திட்டான், ஏறு, போவம் என்பதையும் சொன்னாள். சார்ஜன்ட் ஒரு இடத்தில் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். மூன்று பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. புவனா ரீச்சர்.

"மிஸ், அவர் கேற்றடியில வந்து நிக்கிறார்." ரீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது தெரிந்தது. "ஆருடையோ மோட்டர்சைக்கிள்ல வந்திருக்கிறார். நான் பூட்டிப்போட்டு நிக்கிறன். கிட்டப் போகேலாது, சாராயம் மணக்குது. அதிபர் கந்தோர்க் கூட்டத்துக்குப் போயிட்டார். நான் என்ன செய்ய?"

"திறக்காதேங்கோ ரீச்சர். போனை வைக்காதேங்கோ."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சார்ஜன்டைப் பார்த்தாள்.

"சேர், மூதூர் பொலிஸுக்கு ஒரு கோல் எடுங்கோ. நீங்க இப்ப எழுதின அதே ஆள், குடிச்சிட்டு, என்ட பிள்ளையை மோட்டர்சைக்கிள்ல ஏத்தப் போறார். ஈச்சிலம்பற்று ரோட்டால இலங்கைத்துறைக்குப் போவார்."

சார்ஜன்ட் உடனே மேசைப் போனை எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கினார்.

கீர்த்தனியின் காதில் மழையும் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்டன. பிறகு கேற்றுப் பூட்டில் எதையோ கொண்டு அடிக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. "என்ன வேலை செய்றீங்க, இது ஸ்கூல்," என்று ரீச்சர் கத்துவது கேட்டது.

அதற்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், யதுர்ஷாவின் குரல்.

"அப்பா, அம்மாவுக்குச் சொல்லிட்டுப் போவம்."